திறந்த உலக விளையாட்டுகளில் முதல் மாதம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

போன தீபாவளிக்குக் கிடைத்த போனஸில் சித்தப்பா மகன் ஒரு பழைய மடிக்கணினி வாங்கினான். அன்று இரவே மூன்று பெரிய விளையாட்டுகளை இறக்கினான். அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது மூன்றையும் அழித்திருந்தான். “எங்க போறதுன்னே தெரியல அண்ணே. நாலு அடி நடந்தா எங்கிருந்தோ சுடுறான். இன்னொன்னுல ஒரு கிரகத்துல மூச்சு முட்டிச் செத்துட்டேன். இதுல என்ன இருக்கு?” என்றான்.

இந்தக் கேள்வியை எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். திறந்த உலக விளையாட்டு என்பது கட்டம் கட்டமாக ஏறும் விளையாட்டு அல்ல. ஒரு பெரிய நிலத்தில், அல்லது ஒரு விண்மீன் மண்டலத்தில், உங்களை இறக்கிவிட்டுப் போய்விடும். வழி நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் நாளே கத்தி கொடுக்க மாட்டார்களாம். நானூறு, ஐந்நூறு மரம் உள்ள நிரையை முதலில் சும்மா நடந்து பார்க்கச் சொல்வார்களாம். எங்கே பள்ளம், எங்கே ஓடை, எந்த மரத்தில் குளவிக்கூடு என்று தெரிந்த பிறகுதான் விடிகாலை இருட்டில் தலைவிளக்கோடு வெட்டப் போக முடியும். இந்த விளையாட்டுகளுக்கும் அதே முறையைத்தான் நான் சொல்லித் தருகிறேன். ஒரு உலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அதிலேயே இருங்கள். முதல் வாரம் நிரை நடப்பதற்கு.

எந்த உலகம் என்று முடிவு செய்யுங்கள்

நான்கைச் சொல்கிறேன். நான்கையும் பல நூறு மணி நேரம் விளையாடியிருக்கிறேன்.

படை, நிலம், திட்டம், கூட்டாக இயங்குவது பிடிக்கும் என்றால் ஆர்மா 3. செக் நாட்டின் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. ராக்கெட் கட்டிப் பார்க்க ஆசை என்றால் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். இதன் இரண்டாம் பாகம் 2023இல் முழுமையாகாமலே விற்பனைக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. அதை வாங்க வேண்டாம், முதல் பாகம் போதும். புதிய கிரகங்களில் இறங்கி வீடு கட்டி வாழ வேண்டும் என்றால் நோ மேன்ஸ் ஸ்கை. கப்பலோட்டியாக நம் பால்வீதியையே சுற்ற வேண்டும் என்றால் எலீட் டேஞ்சரஸ்.

எதுவுமே தெரியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது நோ மேன்ஸ் ஸ்கை. தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் விளையாட்டு அது. இணையம் மோசமான இடத்தில் இருப்பவர்களுக்குக் கெர்பல். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். எலீட் நேர்மாறு. தனியாக ஓட்டினாலும் இணையம் இருந்தே ஆக வேண்டும்.

கணினி, சூடு, மின்னல்

வாங்குவதற்கு முன், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் அந்த விளையாட்டின் பக்கத்தின் அடியில் உள்ள குறைந்தபட்சத் தேவைகளை உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கெர்பலுக்கு 4 ஜிபி நினைவகம் போதும் என்பார்கள், 8 இருந்தால் நிம்மதி. மற்ற மூன்றுக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவை. ஆர்மாவில் ஒரு விசேஷம் உண்டு. அது கிராஃபிக்ஸ் கார்டைவிட பிராசஸரைத்தான் அதிகம் வாட்டும். படம் திக்கினால் காட்சித் தூரத்தை 1,500 மீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள். மற்ற அமைப்புகளை மாற்றிக் கிடைக்காத வேகம் இந்த ஒன்றிலேயே கிடைக்கும்.

பழைய மடிக்கணினி என்றால் விசிறியைத் திறந்து தூசியைச் சுத்தம் செய்யாமல் விளையாடத் தொடங்காதீர்கள். நான் முதலில் வாங்கிய கணினி இருபது நிமிடத்தில் கொதித்துப்போய் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். விளையாட்டுதான் சரியில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு கை அளவு தூசி இருந்தது. மெத்தை மேல் வைத்து விளையாடவும் வேண்டாம். பின்பக்கத்தை இரண்டு புத்தகம் வைத்து உயர்த்தினாலே காற்று போகும்.

அப்புறம் மின்னல். பேராக்கில் மாலை நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கணினி பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மோடத்தின் பிளக்கையும் பிடுங்க வேண்டும், கணினிக்கு வரும் இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். கம்பியைக் கழற்ற மறந்த ஒரு நாளில் எனக்கு மோடமும் கணினியின் இணைய முனையும் சேர்ந்தே போயின. இடி முழங்கும் நேரத்தில் இணைய விளையாட்டே வேண்டாம்.

காசு, தரவிறக்கம்

ஸ்டீமில் விலை ரிங்கிட்டிலேயே இருக்கும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும், அதுவரை பொறுத்திருக்கலாம். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் அந்த இரண்டு மணி நேரம் முடிவதற்குள் உங்கள் கணினி தாங்குமா என்று பார்த்துவிடுங்கள். பத்து வெள்ளிக்குக் கணக்கு தருகிறேன் என்று சமூக ஊடகத்தில் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். ஒருநாள் அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்காது.

தரவிறக்கத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 30 ஜிபி விளையாட்டு ஒன்று, 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறங்க ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும். 100 எம்பிபிஎஸ் என்றால் 40 நிமிடம். தோட்டத்துக்குள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் ஈப்போவில் இருக்கும் உறவினர் வீட்டில் இறக்கி, ஸ்டீமின் காப்புப்பிரதி வசதியில் ஒரு வெளி வட்டில் ஏற்றிக்கொண்டு வரலாம். ஒரே வீட்டு வைஃபையில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக மாற்றவும் ஸ்டீமில் வழி உண்டு. தானியங்கிப் புதுப்பிப்பை இரவு நேரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாத டேட்டா மூன்றாம் தேதியே முடிந்துவிடும்.

நோ மேன்ஸ் ஸ்கை: முதல் நாள் உயிரோடு இருப்பது

ஹலோ கேம்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் குழு 2016இல் இதை வெளியிட்டபோது குறை சொல்லாதவர்களே இல்லை. அவர்கள் கைவிடவில்லை. ஆண்டுதோறும் இலவசமாகவே சேர்த்துச் சேர்த்து, 2018இல் நண்பர்களோடு கூடி விளையாடும் வசதியையும் முறையாகக் கொண்டுவந்தார்கள். இதில் உள்ள கிரகங்களின் எண்ணிக்கை 2இன் 64ஆம் அடுக்கு. நம் கணக்கில் ஏறக்குறைய 1.84 லட்சம் கோடி கோடி. இவ்வளவும் வட்டில் எழுதி வைத்தவை அல்ல. ஒரு எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து மலை, கடல், புல், விலங்கு எல்லாவற்றையும் சூத்திரமே அந்த நேரத்தில் கணக்கிட்டு வரைந்துவிடும். அதே எண்ணுக்கு அதே கிரகம்தான் வரும். அதனால்தான் நீங்கள் பெயர் வைத்த மலை நாளைக்கும் அங்கேயே இருக்கிறது. இந்த யுக்தி புதிதும் இல்லை. 1984இல் வந்த முதல் எலீட் விளையாட்டு, 32 கேபி நினைவகம் கொண்ட கணினியில் இதே முறையில் எட்டு மண்டலம், மண்டலத்துக்கு 256 கிரகம் என்று அடக்கியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

சரி, தொடங்குவோம். கண் விழிக்கும்போது கடும் வெயிலோ, கடும் குளிரோ, விஷக் காற்றோ உள்ள கிரகத்தில் நிற்பீர்கள். பயந்து ஓடாதீர்கள். மஞ்சள் பூச்செடிகளைத் தேடிப் பறியுங்கள். அதில் கிடைக்கும் சோடியம்தான் உங்கள் பாதுகாப்பு உடையை நிரப்பும். சிவப்புச் செடிகளில் ஆக்சிஜன், மூச்சுக்கு. நீலப் படிகங்களில் டைஹைட்ரஜன், கப்பல் எரிபொருளுக்கு. இந்த மூன்று நிறமும் பழகிவிட்டால் முதல் நாள் தப்பித்துவிடலாம். புயல் வந்தால் குகைக்குள் போய்விடுங்கள், அங்கே வெளிக்காற்று தாக்காது.

கப்பலைச் சரிசெய்து கிளம்பிய பிறகு புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏறுவார்கள். ஒவ்வொரு முறை தரையிலிருந்து கிளம்பும்போதும் ஏவு எரிபொருளில் கால் பங்கு போய்விடும். நான்கு முறை போனால் தொட்டி காலி. நிலையங்களிலும் வணிகச் சாவடிகளிலும் உள்ள இறங்குதளத்திலிருந்து கிளம்பினால் எரிபொருள் போகாது. அருகில் உள்ள இடத்துக்கு நடந்தே போங்கள். நடக்கும்போதுதான் அந்தக் கிரகம் உங்களுடையதாகும். முதல் கிரகத்தை விட்டுப் போக அவசரப்படாதீர்கள், ஒரு வாரமாவது இருங்கள்.

கெர்பல்: மேலே போவது வேறு, சுற்றுவது வேறு

2007 அக்டோபர் 10 அன்று மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முசாஃபர் ஷுக்கோர் பைக்கனூரிலிருந்து சோயுஸ் விண்கலத்தில் போனதை வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து பார்த்தோம். ராக்கெட் நேராக மேலே போய் விண்வெளி நிலையத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது எவ்வளவு தவறு என்பதைக் கெர்பல்தான் எனக்குப் புரியவைத்தது.

கெர்பின் என்ற அந்தச் சிறு உலகின் ஆரம் 600 கிலோமீட்டர், காற்று மண்டலம் 70 கிலோமீட்டர் வரை. நேராக 80 கிலோமீட்டர் ஏறினாலும் கல்லைப் போலக் கீழேதான் விழுவீர்கள். விழாமல் சுற்ற வேண்டுமானால் பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 2,280 மீட்டர் வேகம் வேண்டும். விழுந்துகொண்டே இருப்பீர்கள், ஆனால் நிலம் வளைந்து விலகிக்கொண்டே போகும். சுற்றுப்பாதை என்றால் அவ்வளவுதான்.

எல்லாப் பாகங்களும் முதலிலேயே கிடைக்கும் மணல்பெட்டி (சாண்ட்பாக்ஸ்) முறையில் தொடங்குங்கள். மேலே ஒரு கூண்டு, அதற்கும் மேலே பாராசூட், கீழே பிரிப்பான், எரிபொருள் தொட்டி, எந்திரம். இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். டி (T) விசையை அழுத்தினால் ராக்கெட் தானாகவே நிலைபிடிக்கும். ஸெட் முழு வேகம், எக்ஸ் நிறுத்தம், நீள விசை அடுத்த அடுக்கு.

கிளம்பியதும் நேராகப் போங்கள். நொடிக்கு நூறு மீட்டர் வேகம் வந்ததும் மெல்லக் கிழக்குப் பக்கம் சாயுங்கள். கிழக்கு ஏன்? கெர்பின் அந்தப் பக்கம் சுழல்வதால் நொடிக்கு 175 மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் 45 பாகைச் சாய்வு இருக்கட்டும். எம் விசையில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பாதையின் உச்சி 80 கிலோமீட்டரைத் தொட்டதும் எந்திரத்தை நிறுத்திவிடுங்கள். உச்சியை நெருங்கும்போது கிடைமட்டமாகத் திருப்பி மறுபடி எரியுங்கள். பாதையின் மறுமுனை 70 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டால் நீங்கள் சுற்றுகிறீர்கள்.

எனக்கு இது கைகூட பதினாறு ராக்கெட் ஆனது. அந்தப் பதினாறிலும் ஏதோ ஒன்று கற்றேன். திரும்பி வர, போகும் திசைக்கு எதிராகத் திரும்பி எரித்து, பாதையின் தாழ்முனையை 30 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். மிச்ச வேகத்தைக் காற்றே தின்றுவிடும். பாராசூட்டை வேகம் குறைந்த பிறகுதான் விரிக்க வேண்டும், முந்தினால் கிழிந்துவிடும்.

ஆர்மா 3: சுடுவதற்கு முன் நடங்கள்

ஆர்மாவின் முதன்மை நிலமான ஆல்டிஸ் தீவு 270 சதுர கிலோமீட்டர். கிரீஸ் நாட்டின் லெம்னோஸ் தீவைப் பார்த்து வரைந்தது. அந்தத் தீவில் 2012இல் ராணுவ இடங்களைப் படம் எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, இந்த நிறுவனத்தின் ஊழியர் இருவர் 129 நாள் சிறையில் இருந்தார்கள். விடுமுறைக்குப் போனதாகத்தான் அவர்கள் சொன்னார்கள்.

முதல் வாரம் எந்தப் போருக்கும் போகாதீர்கள். ஈடன் எடிட்டரைத் திறந்து, வரைபடத்தில் ஒரே ஒரு வீரனை வையுங்கள். அவனோடு ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு நடந்து போங்கள். கே விசை திசைகாட்டி, எம் வரைபடம். சி எழுந்து நிற்க, எக்ஸ் குனிய, ஸெட் படுக்க. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால் உடம்பு திரும்பாமல் தலை மட்டும் திரும்பும். இந்தத் தலைதிருப்பல் பழகாதவர்கள்தான் முதலில் சாகிறார்கள்.

வரைபடக் கட்ட எண்ணைப் படிக்க ஒரே விதி. முதலில் குறுக்கே, பிறகு மேலே. ஆறு இலக்கம் சொன்னால் நூறு மீட்டர் கட்டத்துக்குள் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி தூரம் அறிவது. இதை நம் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். மின்னல் வெட்டியதும் இடி கேட்கும்வரை எண்ணுவோம் இல்லையா, மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். ஆர்மாவில் ஒலி அதே வேகத்தில்தான் வரும். தூரத்தில் வெடிப்பின் ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். உங்களை நோக்கிச் சுட்டால் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம் முதலில், துப்பாக்கிச் சத்தம் அதன் பிறகு. இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சுடுபவன் தூரத்தில் இருக்கிறான். முதல் சத்தத்தை நம்பித் திரும்பாதீர்கள், இரண்டாவது சத்தம்தான் திசையைக் காட்டும்.

கூட்டாளியிடம் சொல்லும்போது திசை, தூரம், அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். “வடகிழக்கு, 300 மீட்டர், சிவப்புக் கூரை வீடு, ரெண்டு பேர்.” அவ்வளவு போதும். “அங்க, அங்க பாரு” என்று கத்துவதால் யாருக்கும் உதவி இல்லை.

ஒரு மாதம் கழித்து 2016இல் வந்த ஏபெக்ஸ் என்ற விரிவாக்கத்தை வாங்கி, அதில் வரும் தனோவா என்ற நிலத்தைப் பாருங்கள். தென் பசிபிக் தீவுக் காடு, கரும்புத் தோட்டம், செம்மண் சாலை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காட்டின் ஓரத்தில் நிற்பது போலவே எனக்கு இருந்தது.

அதனால் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. முள்வேலியும் ஊரடங்கும் சோதனையும் கண்ட பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். என் தாத்தா துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். காதில் ஹெட்போன் மாட்டி விளையாடுங்கள். சிறுவர்களுக்கு இந்த விளையாட்டைக் காட்ட வேண்டாம், அவர்களுக்குக் கெர்பல் இருக்கிறது.

எலீட் டேஞ்சரஸ்: எரிபொருளும் இறங்குதலும்

2014 டிசம்பரில் வந்தது. நம் பால்வீதியை உண்மை அளவில், 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு கட்டியிருக்கிறார்கள். மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளைக்கு ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு பயணம். முதல் மாதத்தில் அங்கே போக ஆசைப்படாதீர்கள்.

பயிற்சிப் பாடங்களை முடித்துவிட்டு, தனி முறையில் தொடங்குங்கள். நிலையத்துக்கு 7.5 கிலோமீட்டருக்குள் வந்த பிறகு இறங்க அனுமதி கேளுங்கள். கேட்காமல் நுழைந்தால் சுடுவார்கள். நுழையும்போது பச்சை விளக்கு உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். இறங்கும் முன் சக்கரத்தை இறக்க மறக்காதீர்கள். மிகு வேகப் பயணத்தில் இலக்குக்கு 7 நொடி என்று காட்டும்போது வேகத்தை 75 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டால் தாண்டிப் போக மாட்டீர்கள்.

நெடும்பயணத்துக்கு எரிபொருள் அள்ளும் கருவி பொருத்தியிருக்க வேண்டும். எல்லா விண்மீனிலும் அள்ள முடியாது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகையில் மட்டும்தான். வழியைத் திட்டமிடும்போது இந்த ஏழையும் மட்டும் காட்டும்படி வரைபடத்தை வடிகட்டலாம். அப்படியும் மாட்டிக்கொண்டால் உடனே விளையாட்டிலிருந்து வெளியேறிவிடுங்கள். அப்புறம் ஃபியூயல் ரேட்ஸ் என்ற குழுவைக் கூப்பிடுங்கள். 2015இலிருந்து, காசு வாங்காமல், எங்கே மாட்டியிருந்தாலும் எரிபொருள் கொண்டுவந்து கொடுக்கும் விளையாட்டாளர்கள் இவர்கள். அவர்கள் சொல்லும்வரை உள்ளே நுழையாதீர்கள், மிச்ச எரிபொருள் கரைந்துபோகும். எனக்கு ஒருமுறை வந்து உதவினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக அத்தனை தூரம் பறந்து வந்ததை இன்றும் மறக்கவில்லை.

தலைசுற்றல், கூட்டம், நேரம்

சிலருக்கு முதல் அரை மணியிலேயே குமட்டும். அமைப்பில் மோஷன் ப்ளர் (நகரும்போது படம் மங்குவது), தலை ஆட்டம் இரண்டையும் நிறுத்துங்கள், பார்வைக் கோணத்தைச் சற்று அகலமாக்குங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் படும்படி உட்காருங்கள். குமட்டல் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டும், தாங்கிக்கொண்டு விளையாடினால் மறுநாளும் வரும்.

ஒரு மாதம் முடிந்த பிறகு குழுவில் சேருங்கள். சர்வர் தேர்வில் சிங்கப்பூர் இருந்தால் அதையே எடுங்கள், தாமதம் குறைவு. ஆர்மாக் குழுக்களில் விதிகளை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். முதல் சில முறை சாதாரண வீரனாக, தலைவன் சொன்னதைச் செய்தாலே மதிப்பார்கள். குழுவைத் தேடும்போது அவர்கள் கூடும் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். லண்டனில் குளிர்காலத்தில் இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் விடிகாலை நான்கு, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் எழும் நேரம். பிரிஸ்பேனில் இரவு எட்டு என்றால் இங்கே மாலை ஆறு. வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவர்கள் ஆஸ்திரேலியக் குழுக்களைத் தேடுங்கள். இரவு ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடும்.